முத்திரை வைத்த காகிதக் கட்டு: ஃபை பீட்டா கப்பா முதல் கிளையின் குறிப்பேடு

வைகைக்கரை

போன மாதம் பையனுக்கு ஒரு கடிதம் வந்தது. அமெரிக்காவில் கடைசி வருஷம் படிக்கிறான். ஃபை பீட்டா கப்பா என்ற சங்கத்துக்கு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், சேர்க்கைக் கட்டணம் இவ்வளவு என்று எழுதியிருந்தார்கள். வாழ்த்தும் கட்டணமும் ஒரே கடிதத்தில் வந்தால் நம் ஆள் என்ன நினைப்பான்? ஏமாற்று வேலை, பைசா கட்டாதே என்று சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான். "அப்பா, இது அமெரிக்கா பிறந்த வருஷமே ஆரம்பித்தது" என்றான். சரி, பார்ப்போம் என்று தேடப் போனவன் மூன்று வாரமாக அதிலேயே கிடக்கிறேன்.

வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் என்று ஓர் ஊர். அங்கே வில்லியம் அண்ட் மேரி கல்லூரி. 1693ல் தொடங்கியது, ஹார்வர்டுக்கு அடுத்த மூத்தது. 1776 டிசம்பர் 5, வியாழக்கிழமை, அங்கே படித்த ஐந்து பையன்கள் ஒரு சங்கம் வைத்தார்கள்: ஜான் ஹீத், தாமஸ் ஸ்மித், ரிச்சர்ட் புக்கர், ஆர்மிஸ்டெட் ஸ்மித், ஜான் ஜோன்ஸ். சுதந்திரப் பிரகடனம் வந்து ஐந்தே மாதம். அவர்களுடைய மினிட்ஸ் புத்தகத்தின், அதாவது கூட்டக் குறிப்பேட்டின், முதல் பதிவு வருஷத்தை எப்படி எழுதுகிறது தெரியுமா? 1776 என்று போட்டுவிட்டு, கூடவே 'காமன்வெல்த்தின் முதலாம் ஆண்டு' என்றும் போடுகிறது. நாட்டுக்குப் புது வருஷக் கணக்கே தொடங்கிவிட்டது என்ற நினைப்பு பையன்களுக்கு.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது முதல் பதிவு இல்லை, கடைசிப் பதிவு. 1781 ஜனவரி 6, சனிக்கிழமை. முந்தின நாள்தான் பெனடிக்ட் ஆர்னால்டின் பிரிட்டிஷ் படை ரிச்மண்டுக்குள் புகுந்திருந்தது. கல்லூரி கலையப் போகிறது. வில்லியம் ஷார்ட், அவர் தம்பி பேட்டன் ஷார்ட், டேனியல் ப்ரென்ட், ஸ்பென்சர் ரோன், லேண்டன் கேபல் என்று ஐந்து பேர் மட்டும் கூடுகிறார்கள். பேச்சு இல்லை, விவாதம் இல்லை. ஒரே விஷயம்: குழப்பமான இந்தக் காலத்தில் சங்கத்தின் காகிதங்களை என்ன செய்வது? ஊரைவிட்டு எடுத்துப் போக வேண்டாம், முத்திரை வைத்துக் கல்லூரியின் சாமான் பொறுப்பாளரான ஸ்டூவர்டிடம் கொடுத்துவிடுவோம் என்று முடிவாகிறது. சங்கம் ஒரு நாள் உயிர்த்தெழும், அழியாத வாழ்வும் புகழும் பெறும் என்ற உறுதியான நம்பிக்கையோடு ஒப்படைக்கிறோம் என்று எழுதி முடித்திருக்கிறார்கள். சவ அடக்கத்தின்போது பாதிரியார் சொல்லும் வாசகத்தின் சாயல் அது.

சங்கத் தலைவர் வில்லியம் ஷார்டுக்கு அப்போது 21 வயது. ஐந்து பேரோடு தொடங்கி, நாலு வருஷத்தில் 50 பேரைச் சேர்த்து, ஐந்து பேரோடு மூடியிருக்கிறார்கள்.

சரி, என் கேள்வி. 1896ல் இந்தக் குறிப்புகளை அச்சில் கொண்டுவந்திருக்கிறார் லயன் டைலர், அந்தக் கல்லூரியின் தலைவர். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜான் டைலரின் மகன். ஸ்டூவர்டிடம் கொடுத்த கட்டு அதுவரை எங்கே இருந்தது?

கொத்தவால்

அண்ணே, இந்த மாதிரி அமெரிக்கக் கல்லூரிச் சங்கத்தை ஃப்ரட்டர்னிட்டி என்பார்களே, படத்தில் காட்டுவார்களே, பெரிய வீடு, பீர், புதுப் பையனை முட்டிபோட வைப்பது, அதுதானே? அதற்கு மினிட்ஸ் வேறா?

நூலகப்பூனை

கொத்தவால் தம்பி, நீங்கள் சொல்கிறது பேரப்பிள்ளைகள். வைகைக்கரை ஐயா எழுதியிருப்பது பாட்டன்.

நான் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கிறவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு ஃபை பீட்டா கப்பாவுக்கு வீடும் கிடையாது, பீரும் கிடையாது. நன்றாகப் படிக்கிறவர்களைப் பொறுக்கிச் சேர்க்கும் கௌரவச் சங்கம், அவ்வளவுதான். ஆனால் 1776ல் அது முழு ரகசியச் சகோதர சங்கம். பைபிள் சாட்சியாகச் சத்தியப் பிரமாணம் உண்டு. உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளத் தனிக் கைகுலுக்கல் உண்டு. சதுரமான ஒரு வெள்ளிப் பதக்கம். ஒரு பக்கம் மூன்று கிரேக்க எழுத்துகள், மறுபக்கம் லத்தீன் எழுத்துகள் இரண்டு. 'மெய்யறிவின் மேல் உள்ள காதலே வாழ்க்கைக்குச் சுக்கான்' என்று பொருள்படும் கிரேக்க வாசகத்தின் முதலெழுத்துகள்தான் ஃபை, பீட்டா, கப்பா. பிற்காலத்தில் அந்தப் பதக்கத்தில் ஒரு தண்டைச் சேர்த்துக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் திருகாக்கிவிட்டார்கள். இப்போதும் அதற்கு 'சாவி' என்றுதான் பெயர்.

அதற்கு முன்னால் அங்கே சங்கமே இல்லையா என்றால், இருந்தன. எஃப்.எச்.சி. என்று 1750ல் ஒன்று. பின்னாளில் ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன் மாணவராக இருந்தபோது அதில் உறுப்பினர். வயதான பிறகு 1819ல் எழுதிய ஒரு கடிதத்தில், அதில் உருப்படியான நோக்கம் ஒன்றும் இல்லை, இப்போது இருக்கிறதா என்றுகூடத் தெரியாது என்று கைகழுவிவிட்டார். பி.டி.ஏ. என்று இன்னொன்று. அவர்கள் ஹீத்தைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அந்தக் கோபத்தில்தான் அவர் சொந்தச் சங்கம் வைத்தார் என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் நம்பும்படியான கதை!

கிரேக்க எழுத்தில் பெயர், சத்தியம், பதக்கம், ஊர் ஊருக்குக் கிளை, கிளைக்குச் சாசனம் என்ற அச்சை வார்த்தது இவர்கள். நியூயார்க் மாநிலத்தில் யூனியன் கல்லூரிக்கு 1817ல் ஃபை பீட்டா கப்பா கிளை போனது. அதே கல்லூரியில் 1825ல் கப்பா ஆல்ஃபா தொடங்கியது. நீங்கள் படத்தில் பார்க்கும் வகைக்கு மூத்தது அதுதான்.

இரண்டாவது கேள்விக்கு அப்புறம் வருகிறேன், அடுப்பில் பால்.

மேலமாசி

அந்தக் குறிப்பேட்டை நானும் புரட்டினேன். விவாதத் தலைப்புகள் அருமை. புரூட்டஸ் சீசரைக் கொன்றது நியாயமா? முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை எடுத்தது சரியா? அமைதிக் காலத்தில் நிரந்தரப் படை வைத்திருப்பது மக்கள் உரிமைக்கு ஆபத்தா? நாடகம் நாட்டுக்கு நன்மையா, தீமையா? பலதார மணம் இயற்கையின் விதியா? சாகிற வயசா, வாழ்கிற வயசா என்று தெரியாத யுத்த நேரத்தில் பதினெட்டு இருபது வயசுப் பையன்கள் உட்கார்ந்து இதைப் பேசுகிறார்கள்.

நம் பட்டிமன்றம் மாதிரிதான். ஒரே குறை, நடுவர் இல்லை. யார் ஒட்டிப் பேசினார், யார் வெட்டிப் பேசினார் என்று பெயர் இருக்கிறது. என்ன பேசினார் என்பது இல்லை.

எனக்குப் பிடித்த இடம் ஒன்று. பேட்டன் ஷார்ட் முறை வந்தது. ஆள் தயார் பண்ணிக்கொண்டு வரவில்லை, அதனால் பேசவில்லை என்று குறிப்பில் அப்படியே எழுதி வைத்துவிட்டார்கள். அதே கூட்டத்தில், பேச வேண்டிய கட்டாயம் இல்லாத மார்ஷல் எழுந்து பேசினார் என்றும் இருக்கிறது. எந்த மார்ஷல்? ஜான் மார்ஷல்! 1780 மே மாதம் சேர்ந்தவர். பின்னாளில் 34 வருஷம் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. அந்தச் சமயம் அவர் ஜார்ஜ் வித் நடத்திய சட்ட வகுப்பில் மாணவர். சட்டக் குறிப்பு நோட்டில் பாடத்துக்கு நடுவே 'பாலி ஆம்ப்ளர்' என்று காதலி பெயரைக் கிறுக்கி வைத்திருக்கிறார். அந்த நோட்டும் அந்தக் கல்லூரிக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. பாலியைத்தான் பிற்பாடு கல்யாணமும் பண்ணிக்கொண்டார், அதனால் பரவாயில்லை.

தோப்பு_வீடு

மேலமாசி சார் பட்டியலில் ஒரு தலைப்பை விட்டுவிட்டார். 'ஆப்பிரிக்க அடிமை முறையின் நியாயம்.' அதுவும் அந்தக் குறிப்பேட்டில் உண்டு.

நீங்களே சொன்னீர்கள், என்ன பேசினார்கள் என்பது இல்லை என்று. எனக்கு அது சின்னக் குறையாகத் தெரியவில்லை. பேசியவர்கள் அடிமைகளை வைத்திருந்த வர்ஜீனியாக் குடும்பத்துப் பிள்ளைகள். அறைக்கு விறகு வைத்தது யார், மெழுகுவர்த்தி ஏற்றியது யார்? அந்தக் கல்லூரிக்கே 1718 முதல் ஒரு புகையிலைத் தோட்டம் இருந்தது; அடிமைகள் உழைத்து வந்த வருமானத்தில் வசதி குறைந்த மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். இந்த லட்சணத்தில் 'நியாயமா' என்று ஒரு பட்டிமன்றம். ரசிக்கிற மாதிரி எழுதாதீர்கள்.

மேலமாசி

விட்டது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1770களில் தெற்கு மாநிலத்துப் பையன்கள் அதை ஒரு கேள்வியாகவாவது வைத்தார்களே என்றுதான் நான் பார்க்கிறேன். வில்லியம் ஷார்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெஃபர்சனின் செயலாளராகப் பாரிசுக்குப் போனவர். 1798ல் அதே ஜெஃபர்சனுக்கு, அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று நீளமாக எழுதியவர். அந்தத் தலைப்பில் பேசிப் பழகியதால்தான் எழுதினார் என்று சொல்லவில்லை. பேசிப் பழகாத ஊரில் அந்தக் கடிதம் பிறந்திருக்குமா என்று கேட்கிறேன்.

தோப்பு_வீடு

கடிதம் எழுதினார், சரி. புஷ்ராட் வாஷிங்டனும் இதே சங்கம்தான். ஜார்ஜ் வாஷிங்டனின் அண்ணன் தம்பி பிள்ளை, உச்ச நீதிமன்ற நீதிபதி, மவுன்ட் வெர்னான் பண்ணை அவருக்குத்தான் வந்தது. 1821ல் அங்கிருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட அடிமைகளை விற்றார். அவரும்தான் விவாதம் பண்ணிப் பழகினவர்.

நூலகப்பூனை

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைக்கிறேன். சங்கத்தின் மினிட்ஸ் இல்லை, கல்லூரியின் கணக்கு.

2009ல் அந்தக் கல்லூரி, அடிமைகளை வைத்திருந்ததையும் அவர்கள் உழைப்பைச் சுரண்டியதையும் ஒப்புக்கொண்டு ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கியது. அதன் பெயர் லெமன் திட்டம். லெமன் என்பது எலுமிச்சம்பழம் இல்லை, ஓர் ஆள். கல்லூரிக்குச் சொந்தமாக இருந்த அடிமை. கணக்குப் புத்தகத்தில்தான் அவரைப் பார்க்க முடிகிறது. 1808ல் கிறிஸ்துமசுக்கு ஏதோ கொஞ்சம் பணம். 1815ல் சாப்பாட்டுக்குப் படி. 1816ல் மருந்துச் செலவு. 1817ல் சவப்பெட்டிச் செலவு. அவ்வளவுதான் அவர் வாழ்க்கை, நாலு வரி. சங்கத்துப் பையன்கள் காலத்துக்குப் பிந்திய வரிகள்தான். ஆனாலும் எனக்கு அந்த இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றும். ஒன்றில் பேசியவன் பெயர் இருக்கிறது, பேச்சு இல்லை. இன்னொன்றில் பேச விடாதவனுக்குச் செலவான காசு இருக்கிறது. 2022ல் அடுப்பு வடிவத்தில் ஒரு நினைவுச் சின்னம் கட்டி, கல்லூரியின் அடிமைகளாக இருந்தவர்களில் பெயர் தெரிந்தவர்களுடைய பெயரைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள்.

சரி, ஐயா கேட்ட கேள்வி. கட்டு எங்கே போனது?

ஸ்டூவர்ட் என்பவர் கல்லூரியின் சாப்பாடு, சாமான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர். பூட்டு சாவி அவரிடம் இருக்கும், அதனால் அவரிடம் கொடுத்தது புத்திசாலித்தனம்தான். ஆனால் அந்த வருஷக் கடைசியில் பக்கத்து யார்க்டவுனில் பெரிய சண்டை. கல்லூரிக் கட்டடம் பிரெஞ்சுப் படைக்கு ஆஸ்பத்திரி ஆனது. கல்லூரித் தலைவர் குடியிருந்த வீடு எரிந்தது. அதெல்லாம் ஓய்ந்து அரை நூற்றாண்டு தாண்டிக் குறிப்பேடு வெளிப்பட்டது ரிச்மண்டில், வர்ஜீனியா வரலாற்றுச் சங்கத்தில். கொடுத்தவர் ஒரு கேபல். ஆமாம், கடைசிக் கூட்டத்தில் உட்கார்ந்த ஐவரில் ஒருவரான லேண்டன் கேபலின் மகன்.

அதாவது, முத்திரை வைத்து ஸ்டூவர்டிடம் கொடுக்கிறோம், எடுத்துப் போக மாட்டோம் என்று எழுதிக் கையோடு முடிவெடுத்த ஐவரில் ஒருவர் வீட்டில் அது இருந்திருக்கிறது. எங்கள் தொழிலில் இது தினம் நடக்கிற கதை. காப்பகத்தில் வைத்தது காணாமல் போகும். யாரோ ஒருத்தர் விதியை மீறி வீட்டுக்குக் கொண்டுபோனது பெட்டிக்கடியில் அப்படியே கிடக்கும். என் மேலதிகாரி இதைப் படிக்கக் கூடாது.

கொத்தவால்

அக்கா, எங்கள் கல்லூரித் தமிழ் மன்ற மினிட்ஸ் நோட்டு ஒன்று என்னிடம்தான் இருக்கிறது. செயலாளராக இருந்தேன், திருப்பிக் கேட்க யாரும் வரவில்லை. இத்தனை நாள் திருட்டு என்று நினைத்துக் கூசிக்கொண்டிருந்தேன். இப்போது பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ளலாமா?

நூலகப்பூனை

முதலில் வேப்பிலை போடுங்கள். அப்புறம் ஸ்கேன் பண்ணி ஒரு பிரதி கல்லூரிக்கு அனுப்புங்கள். பேரைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ரயில்சிநேகம்

தாய்க்கிளை செத்தும் சங்கம் எப்படிப் பிழைத்தது என்று யாரும் சொல்லவில்லையே. அதற்குக் காரணம் ஒரே ஓர் ஆள், எலிஷா பார்மலி. யேலிலும் ஹார்வர்டிலும் படித்துவிட்டுத் தெற்கே வந்தவர். 1779 டிசம்பரில் அவர் கையில் இரண்டு சாசனங்களைக் கொடுத்து அனுப்பினார்கள். 1780 நவம்பரில் யேல் கிளை, 1781 செப்டம்பரில் ஹார்வர்டு கிளை. தாய் கண்ணை மூடிய வருஷம் இரண்டாவது பிள்ளை பிறந்தது. பார்மலி 1784லேயே இறந்துவிட்டார்.

யேல் என்றதும் சென்னைக்காரனுக்குக் கை அரிக்கும், ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறேன். அந்தக் கல்லூரிக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னர். 1718ல் அவர் அனுப்பிய சரக்கை விற்று 562 பவுன் வந்ததாம். அதற்காகப் பெயர் வைத்தார்கள். அவருடைய குழந்தை டேவிட்டின் கல்லறை ஐகோர்ட் பக்கம் இன்னும் நிற்கிறது.

வைகைக்கரை

அக்கா பதிலைப் படித்து நேற்று ராத்திரி தூங்கவில்லை. அந்த ஐவரில் வில்லியம் ஷார்ட் 1849 டிசம்பர் வரை ஃபிலடெல்ஃபியாவில் உயிரோடு இருந்திருக்கிறார். 90 வயது. அவர் மூடி முத்திரை வைத்த சங்கத்தை 1851ல் அதே கல்லூரியில் மறுபடி திறந்தார்கள். இரண்டு வருஷம் தாக்குப்பிடித்திருந்தால் பார்த்திருப்பார்! அந்தத் திறப்பும் நிலைக்கவில்லை, உள்நாட்டுப் போரில் போய்விட்டது. 1893ல் திறந்ததுதான் இன்று வரை ஓடுகிறது.

ரகசியம் எப்போது போனது? பையனுக்கு வந்த கடிதத்தில் சத்தியம், கைகுலுக்கல் ஒன்றும் இல்லையே.

மேலமாசி

1831ல். 1826ல் நியூயார்க் மாநிலத்தில் வில்லியம் மார்கன் என்பவர் ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தாரின் ரகசியத்தைப் புத்தகமாகப் போடப் போகிறேன் என்றார். ஆளே காணாமல் போய்விட்டார். மேசன்கள்தான் கொன்றார்கள் என்று நாடே கொந்தளித்தது. மேசன்களுக்கு எதிராக ஒரு கட்சியே உருவானது. எவன் ரகசியச் சங்கம் வைத்திருந்தாலும் சந்தேகம். மேசன்களை அம்பலப்படுத்தி வந்த ஒரு புத்தகத்தின் வாலில் ஃபை பீட்டா கப்பாவின் ரகசியங்களையும் சேர்த்து அச்சடித்துவிட்டார்கள். ஹார்வர்டு கிளைதான் முதலில் சத்தியத்தையும் ரகசியத்தையும் தூக்கிப் போட்டது. அந்தக் கிளையின் எட்வர்ட் எவரெட் என்ற அரசியல்வாதி அதற்கு முன்னால் நின்றார். ஜான் குவின்சி ஆடம்சும் இறங்கி வேலை செய்தார். முன்னாள் ஜனாதிபதிக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்கக் கூடாது, அவரும் அந்தக் கிளைக்காரர்.

ரகசியம் பிடித்தவர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த வருஷமே, 1832ல், யேலில் ஸ்கல் அண்ட் போன்ஸ் என்ற ரகசியச் சங்கம் பிறந்தது.

தோப்பு_வீடு

கோபமாகப் பேசிவிட்டேன், ஈடுகட்ட ஒரு நல்ல விஷயம் கொண்டுவந்திருக்கிறேன். பதிவேடு என்பது எதற்கு என்று கேட்கிறவர்களுக்காக.

இந்தச் சங்கத்தில் சேர்ந்த முதல் கறுப்பினத்தவர் யார்? நெடுநாள் வரைக்கும் எட்வர்ட் புஷே என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். யேலில் 1874ல் பட்டம், 1876ல் இயற்பியலில் டாக்டர் பட்டம். அமெரிக்காவில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர். 1874ல் வகுப்பில் முன்னணியில் இருந்தார், அதனால் அப்போதே சேர்த்திருப்பார்கள் என்று நினைத்துவிட்டார்கள். ஆனால் 1871லிருந்து யேல் கிளை தூங்கிக்கொண்டிருந்தது. 1884ல் எழுந்த பிறகுதான் பழைய வகுப்புகளிலிருந்தும் ஆட்களைச் சேர்த்தார்கள். புஷே பெயர் ஏறியது அப்போதுதான். அதற்குள் வெர்மான்ட் கிளையில் 1877லேயே ஒருத்தர் சேர்ந்திருந்தார்: ஜார்ஜ் வாஷிங்டன் ஹென்டர்சன். வகுப்பில் முதல் மாணவர். அதே வெர்மான்ட் கிளைதான் 1875ல் முதன்முதலாகப் பெண்களையும் சேர்த்தது.

ஹென்டர்சன் பிறந்தது எங்கே தெரியுமா? வர்ஜீனியாவில். அடிமையாக.

நூலகப்பூனை

தோப்பு வீடு, நன்றி. பதிவேட்டில் தேதி இல்லாமல் பெயர் மட்டும் இருந்திருந்தால் இந்தத் திருத்தம் நடந்திருக்காது.

இன்னொன்று. மற்றச் சகோதர சங்கக் கிளைகளின் பழைய காகிதங்களைத் தேடுகிறவர்கள் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மாணவர் வாழ்க்கைக் காப்பகத்தைப் பாருங்கள். ஸ்டூவர்ட் ஹோ என்ற ஒருத்தர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சேகரிப்புதான் அதற்கு அடிப்படை. பெரும்பாலான கிளைகளுக்கு மினிட்ஸ் என்பது வீட்டின் பரணில் கிடக்கும் அட்டைப்பெட்டி. வீடு எரிந்தால் அதுவும் எரியும், வீடு கைமாறினால் குப்பைக்குப் போகும். நல்லதை மட்டும் எழுதி வைக்கும் பழக்கமும் உண்டு. யார் என்ன பாட்டுப் பாடினார் என்பது இருக்கும். புதுப் பையனை என்ன செய்தார்கள் என்பது இருக்காது. அதற்கு நீதிமன்றக் காகிதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஏலகிரி_எக்ஸ்பிரஸ்

மூன்று வருஷத்துக்கு முன்னால் வில்லியம்ஸ்பர்க் போயிருக்கிறேன். மகள் வீட்டிலிருந்து காரில் மூன்று மணி நேரம். இந்த இழையைப் படித்ததும் போட்டோவெல்லாம் எடுத்துப் பார்த்தேன்.

ராலே டாவர்ன் என்று ஒரு பழைய சத்திரம். தங்கலாம், குடிக்கலாம், நடனமாடலாம், ஏலமும் அங்கேதான். அதில் அப்பல்லோ அறை. ஃபை பீட்டா கப்பா பிறந்தது இங்கேதான் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். கணப்படுப்புக்கு மேலே லத்தீனில் ஒரு வரி: அறிவும் நல்வாழ்வும் பெற்ற பிள்ளை மகிழ்ச்சி. அந்த அறையில் நின்று, பலகைத் தரையை மிதித்து, இங்கேதான் அந்தப் பையன்கள் என்று நினைத்துக்கொண்டு உடம்பு சிலிர்த்தது. வெளியே வந்து பலகையைப் படித்தால், அசல் கட்டடம் 1859ல் எரிந்துவிட்டது, இது 1932ல் திறந்த மறுகட்டுமானம்! சிலிர்த்ததைத் திரும்பக் கேட்க முடியுமா?

கல்லூரியின் பெரிய கட்டடமும் அதே 1859ல் எரிந்திருக்கிறது, நூலகத்தோடு. பிறகு 1862ல் இன்னொரு தடவை.

ஆனால் வழிகாட்டி சொன்ன ஒரு விஷயம் பிடித்தது. அந்த ஊரை மீட்டுக் கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர் குட்வின் என்ற பாதிரியார். பணக்காரர் ஜான் ராக்ஃபெல்லர் ஜூனியரை அவர் முதலில் சந்தித்தது 1924ல் நியூயார்க்கில், ஃபை பீட்டா கப்பா விருந்தில். ராக்ஃபெல்லரும் உறுப்பினர். 1926 நவம்பரில் சங்கத்தின் நினைவு மண்டபத் திறப்புக்கு ராக்ஃபெல்லர் வில்லியம்ஸ்பர்க் வந்தார், குட்வின் ஊரைச் சுற்றிக் காட்டினார், பணம் வந்தது. சத்திரத்தில் பிறந்த சங்கம், எரிந்த சத்திரத்தைத் திருப்பிக் கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அந்த நினைவு மண்டபமும் 1953ல் எரிந்தது என்பதையும் அவரே சொன்னார். அந்த ஊருக்கும் நெருப்புக்கும் என்னதான் பொருத்தமோ.

கொத்தவால்

கட்டடம் எல்லாம் எரிந்து, காகிதம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தலைகீழாக அல்லவா நடக்க வேண்டும்?

நூலகப்பூனை

கட்டடத்தை மடியில் கட்டிக்கொண்டு ஓட முடியாது தம்பி.

வைகைக்கரை

கட்டணம் கட்டியாயிற்று. போன வாரம் சேர்க்கை விழா. பையன் ராத்திரி கூப்பிட்டான். சத்தியம் கித்தியம் இல்லையாம், ஒரு பேராசிரியர் சங்கத்தின் கதையைச் சொன்னாராம். இவன் குறுக்கே புகுந்து, கேபல் வீட்டில் குறிப்பேடு இருந்ததைச் சொல்லியிருக்கிறான். எனக்குப் பெருமை, வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

அப்புறம் ஒரு பெரிய புத்தகம் கொண்டுவந்து வைத்தார்களாம். அந்தக் கிளை தொடங்கிய நாளிலிருந்து சேர்ந்தவர்கள் எல்லாரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்ட புத்தகம். முதல் பக்கங்களில் மை பழுப்பேறி இருந்ததாம். இவன் முறை வந்ததும், முழுப் பெயர் எழுது, குடும்பப் பெயரும் வேண்டும் என்றிருக்கிறார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி தன் பெயரை எழுதி, பக்கத்தில் என் பெயரையும் எழுதியிருக்கிறான். பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை கணக்கில் கோட்டை விட்டவன் பெயர் இப்போது அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

தோப்பு_வீடு

தேதி போட்டிருக்கிறானா?

வைகைக்கரை

அதைத்தான் நானும் முதலில் கேட்டேன். போட்டிருக்கிறான்.